ஜாஸ் கோடை முகாமுக்குப் பணம் கட்டவிருப்போர் கவனத்திற்கு

பாசிக்குடாக் கடற்கரையை ஒட்டிய விடுதியொன்றில், இசையைத் தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்துக்காக வாசிப்பவர்களுக்கென்று ஓகஸ்ட் நடுப்பகுதியில் நடத்தப்பட்ட வதிவிட ஜாஸ் முகாமொன்றில் கலந்துகொண்டேன். ஆளுக்கு 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, விளம்பரத்தில் சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றைத் தராமலே முகாமை முடித்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அதே ஏற்பாட்டாளர்கள் அடுத்த பருவத்துக்கான முற்பணத்தை இப்போதே வாங்கத் தொடங்கியிருப்பதாகக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் நண்பர்கள் சொன்னதால், நடந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் அவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் கீழே சொல்பவற்றை வைத்துக்கொண்டு, எவர் நடத்தும் முகாமாக இருந்தாலும் நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

விளம்பரம் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்தது. நான்கு வெளிநாட்டு வளவாளர்கள், நாள்தோறும் பியானோவும் டபுள் பேஸும் ட்ரம்ஸும் நேரில் உடன் வாசிக்கும் இம்ப்ரொவைசேஷன் (அந்தக் கணத்திலேயே கற்பனையாக வாசித்தல்) பயிற்சி, திறனுக்கேற்பப் பிரிக்கப்பட்ட சிறு குழுக்கள், குளிரூட்டிய அறைகள், பெண்களுக்குத் தனி விடுதி, இறுதி நாளில் பொதுமேடைக் கச்சேரி, சர்வதேச அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் என்று அதில் அடுக்கியிருந்தார்கள். பாடசாலை வாத்தியக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ இசை பழகி, பிறகு வேலை, குடும்பம் என்று ஒதுங்கிப் போனவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். ஜாஸ் பழக வேண்டுமென்றால் கொழும்புக்கு வாராவாரம் போய்வர வேண்டும் என்ற நிலையில், வீட்டு வாசலுக்கே ஆசிரியர்கள் வருகிறார்கள் என்ற செய்தி எவரைத்தான் இழுக்காது? எங்கள் குறை என்னவென்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய விளம்பரம் அது.

வந்து சேர்ந்த வளவாளர்கள் இருவர். அவர்களில் ஒருவர் அறுகம்பையில் அலைச்சறுக்குக்காகத் தங்கியிருந்த கிட்டார் வாசிப்பவர். இனிமையானவர், நன்றாகவும் வாசித்தார், ஆனால் ஜாஸ் கற்பித்த அனுபவம் தமக்கு இல்லை என்பதை முதல் நாளிலேயே அவராகவே சொன்னார். மூன்றாமவர் ஒரேயொரு வகுப்பைச் சூம் வழியாக எடுத்தார், அதுவும் பாதியில் அறுந்துபோனது. நான்காவதாகப் படம் போடப்பட்டிருந்த ட்ரம்ஸ் கலைஞருக்கு அவருடைய சொந்த இணையத்தளத்தின் வழியாக எழுதிக் கேட்டபோது, அழைப்பைப் பல மாதங்களுக்கு முன்பே மறுத்துவிட்டதாகவும், தமது படம் பயன்படுத்தப்பட்டது தமக்குத் தெரியாது என்றும் பதில் அனுப்பினார். அந்தப் பதில் இப்போது எங்கள் முறைப்பாட்டின் முதல் இணைப்பு. விளம்பரத்தில் காணப்படும் கலைஞருக்கு நேரடியாக எழுதி, இன்ன திகதியில் வருகிறீர்களா என்று கேட்பதற்கு ஒரு சதமும் செலவாகாது.

ட்ரம்ஸ் கலைஞரும் இல்லை, பேஸ் வாசிப்பவரும் இல்லை என்றான பிறகு, நேரடிப் பக்கவாத்தியம் என்ற வாக்குறுதி என்னவாகியிருக்கும் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஒருவருடைய கைப்பேசியைப் புளூடூத் ஒலிபெருக்கியோடு இணைத்து, யூடியூபில் கிடைக்கும் பின்னணி இசையை ஓடவிட்டார்கள். பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட புளூஸ் மெட்டு ஒன்றின் நடுவில் பற்பசை விளம்பரம் புகுந்து, வாசித்துக்கொண்டிருந்தவர் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் விழித்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

பின்னணி இசையோடு பழகுவது கீழானது என்று நான் சொல்லவரவில்லை. ஜேமி ஏபர்சோல்ட் என்ற அமெரிக்க சாக்சபோன் ஆசிரியர் 1967 இல் இத்தகைய ஒலிப்பதிவுகளை வெளியிடத் தொடங்கினார். பேஸை ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் பியானோவை மறுபக்கத்திலும் பிரித்து வைத்திருப்பதால், பியானோ பழகுபவர் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டுத் தாமே அந்த இடத்தை நிரப்பலாம். உலகெங்கும் பல தலைமுறைகள் இப்படித்தான் வீட்டில் தனியே பழகின. ஆனால் ஒலிப்பதிவுக்குக் காது இல்லை. தனியாக வாசிப்பவர் ஓரிடத்தில் மூச்சுவிட்டு நின்றால் அந்த இடைவெளியை ட்ரம்ஸ் நிரப்புவதும், அவர் மெல்ல இறங்கினால் பியானோ விலகி இடம்கொடுப்பதும், அவர் வழிதவறினால் பேஸ் அடித்தளச் சுரத்தை அழுத்தி வாசித்து மீட்டுக்கொண்டு வருவதும் மனிதர்கள் செய்யும் வேலைகள். அந்த உரையாடலுக்காகத்தான் முகாமுக்குப் போகிறோம். நாலு பார் நான், நாலு பார் ட்ரம்ஸ் என்று மாறி மாறி வாசிக்கும் பயிற்சி, தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாக வாசிப்பதை ஒத்தது, நிகழ்ச்சி நிரலில் ஒரு முழு மாலைக்குப் போடப்பட்டிருந்தது. பதில் சொல்ல ஆளில்லாததால் அது கைவிடப்பட்டது.

குழுப் பிரிப்பும் நடக்கவில்லை. வழக்கமாக இத்தகைய முகாம்களில் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கச் செய்து, கேட்டு, தரம் பார்த்துச் சிறு குழுக்களாக்குவார்கள். இங்கே சுரவரிசை மட்டுமே தெரிந்த மாணவனும், இருபது வருடம் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவரும் ஒரே மண்டபத்தில் ஒரே இசைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாளும் பியானோவின் சுருதிக்கு மட்டுமே எழுதப்பட்டது. நான் வாசிப்பது ஆல்ட்டோ சாக்சபோன். அதில் சி என்று வாசித்தால் பியானோவின் ஈ பிளாட் ஒலிக்கும். ட்ரம்பெட்டில் அதே சி, பி பிளாட்டாக ஒலிக்கும். ஆகவே ஆல்ட்டோவுக்கு ஒரு தாள், ட்ரம்பெட்டுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகத் தருவது எந்த முகாமிலும் அடிப்படை ஏற்பாடு. அதைக் கேட்டபோது, காதால் கேட்டு வாசியுங்கள், தாள் உங்கள் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்று பதில் வந்தது.

சுதந்திரம் என்ற பதில் அதன் பிறகு எல்லாவற்றுக்கும் வந்தது. எந்தச் சுரம் பொருந்தும் என்று கேட்டால் மனதுக்குப் பட்டதை வாசியுங்கள் என்றார்கள். கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) எங்கே மாறுகிறது என்று கேட்டால் உணருங்கள் என்றார்கள். கல்முனையிலிருந்து வந்திருந்த வயலின் ஆசிரியை கர்நாடக இசையில் சுரங்களைக் கற்பனையாகக் கோத்து வாசிக்கும் கற்பனாசுரத்தைப் பல ஆண்டுகள் பழகியவர். பாடல் வரி தொடங்கும் எடுப்புக்கு எந்த இடத்தில் வந்து சேர வேண்டும் என்பதைத் தமது குருவிடம் திட்டு வாங்கித் திட்டு வாங்கியே கற்றவர். பொறுக்கமாட்டாமல் அவர் ஏற்பாட்டாளரிடம், "தம்பி, பிழையெண்டா பிழையெண்டு சொல்லத்தானே காசு கட்டி வந்திருக்கம்" என்று கேட்டார். ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

உண்மையான பாடம் எவ்வளவு எளிமையாக இருக்கக்கூடும் என்பதை எங்களோடு பங்குபற்றிய பறங்கியர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் காட்டினார். மட்டக்களப்பு நகரின் டச்பாரைச் சேர்ந்தவர். வீட்டு விருந்துகளில் பறங்கியரின் நடனமான கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலினும் கிட்டாரும் வாசித்தே வளர்ந்தவர். எங்களைப்போலவே பணம் கட்டி வந்தவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் வைத்து, சி ஏழாம் கோர்டில் ஈ, பி பிளாட் என்ற இரண்டு சுரங்களையும், அடுத்து வரும் எஃப் ஏழாம் கோர்டில் ஈ பிளாட், ஏ என்ற இரண்டையும் மட்டும் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் அரைச்சுரம் மட்டும் கீழே இறங்குகிறது. பன்னிரண்டு பார் புளூஸில் கோர்ட் மாறும் ஐந்தாவது பாரில் அந்த இறக்கத்தைச் சரியாக வாசித்துவிட்டால், பின்னணியே இல்லாவிட்டாலும் கேட்பவருக்குக் கோர்ட் மாறியது புரிந்துவிடும். முகாமில் நான் கற்ற ஒரே ஜாஸ் பாடம் அதுதான். அதற்குரிய கட்டணம் ஏற்பாட்டாளருக்கல்ல, அவருக்குத்தான் சேர வேண்டும்.

தங்குமிடத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. குளிரூட்டிய அறைக்குப் பதிலாக மின்விசிறி, மூவருக்கு ஓர் அறை. பெண்களுக்குத் தனி விடுதி இல்லாததால் வயலின் ஆசிரியை வாழைச்சேனையில் இருந்த உறவினர் வீட்டிலிருந்து வந்துபோனார். மண்டபத்தின் ஒரு பக்கம் திறந்திருந்தபடியால் பகல் முழுவதும் கச்சான் காற்று புழுதியை அள்ளி வந்து சாக்சபோனின் விசைகளுக்குள் போட்டது.

என்னை மிகவும் கோபப்படுத்தியது இறுதி நாள். கடைசி நாட்களின் பயிற்சியை நிறுத்திவிட்டு, எளிதான மெட்டுகள் சிலவற்றைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வைத்தார்கள்; பொதுமேடைக்காக என்றுதான் நினைத்தோம். அன்று மாலை விடுதியின் வரவேற்பு மேசையில், 'நேரடி ஜாஸ் இரவு' என்ற தலைப்போடு பஃபே இராப்போசனத்துக்கான விலைப்பலகை வைக்கப்பட்டிருந்தது. சுற்றுலாப் பயணிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் அவர்களுக்கு இலவச இசைக்குழுவாக வாசித்தோம். அதாவது, கூலி தர வேண்டிய வேலையை நாங்களே பணம் கொடுத்துச் செய்தோம். அந்த இரவில் எடுத்த காணொளிதான் இப்போது அடுத்த பருவத்தின் விளம்பரமாகச் சுற்றுகிறது. அதில் நான் தோன்றுகிறேன், சிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. நீக்கச் சொல்லி எழுதியும் நீக்கவில்லை. ஆகவே அதைப் பார்த்து, இவரே மகிழ்ச்சியாக இருந்திருக்கிறாரே என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம்.

சான்றிதழ், பெயரும் திகதியும் அச்சிட்ட ஓர் அட்டை. ஜாஸ் சாக்சபோனுக்குத் தரம் 1 முதல் 5 வரை, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைத் தேர்வு அமைப்பின் தேர்வுகள் உண்டு. அந்தச் சான்றிதழ் தேர்வாளர் முன் வாசித்துத் தேறியவருக்குக் கிடைப்பது. முகாமில் இருந்ததற்காகக் கொடுக்கும் அட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கீகாரம் என்று எவர் சொன்னாலும், அங்கீகரித்த அமைப்பு எது என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பாதியை முற்பணமாக ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில் வைப்பிலிடச் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயரில் பற்றுச்சீட்டு தரவில்லை. 'எக்காரணம் கொண்டும் பணம் மீளளிக்கப்படமாட்டாது' என்ற நிபந்தனை முற்பணம் கட்டிய பிறகே வாட்ஸ்அப்பில் வந்தது. வந்திறங்கியதும் கருவிப் பாதுகாப்புக் கட்டணம் என்று 4,500 ரூபாய் மேலதிகமாக வாங்கினார்கள். பாதுகாப்பு என்பது பூட்டில்லாத ஒரு களஞ்சிய அறை. பாதிப் பணத்தையாவது திருப்பித் தரும்படி கேட்டவர்களுக்கு, அடுத்த வருட முகாமில் கழிவு தருவதாகப் பதில் கிடைத்தது. இன்னொரு முறை ஏமாறுவதற்குக் கழிவு எதற்கு?

இவர்களிடமோ வேறு எவரிடமோ சேர நினைப்பவர்கள், உடன் வாசிக்கப்போகும் பேஸ், ட்ரம்ஸ் கலைஞர்கள் யார், ஒரு குழுவில் எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆசிரியர் முன்னிலையில் வாசிப்போம் என்பவற்றை முற்பணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்கள் கருவிக்கான தாள் தருவார்களா என்ற ஒரு கேள்வியே போதும், எதிரில் இருப்பவர் இசைக்காரரா வியாபாரியா என்பது தெரிந்துவிடும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அது தடை செய்கிறது. அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். எங்களோடு அந்த முகாமில் இருந்து, இன்னும் எழுதாமல் இருப்பவர்களுக்கு அந்தக் காலம் நவம்பர் நடுப்பகுதியோடு முடிகிறது. வங்கி வைப்புச் சீட்டின் பிரதி, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழித்துவிடாமல் எடுத்து இணைத்து, அதற்கு முன் அனுப்பிவிடுங்கள்.