மூன்றுகால் சந்தகை நாழி: கை இறுகினால் மாவைப் பாருங்கள்

ஆவியில் வெந்த அரிசி மாவை இடியாப்பம் போல இழையாகப் பிழிவது சந்தகை; பிழியும் சாமான்தான் நாழி. கோவை, ஈரோடு பாத்திரக் கடைகளில் கிடைக்கும் திருகு வைத்த மூன்றுகால் சந்தகை நாழி நல்ல சாமான். மர நாழியில் அமுக்க ஆள் பலம் வேண்டும்; இதில் ஒருவரே உட்கார்ந்து பிழிந்துவிடலாம். "பாதியில நின்னுக்குது, திரும்பவே மாட்டேங்குது" என்று பலர் இதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு நாழியில் இல்லை, மாவில்தான்.

அரைக் கிலோ இட்லி அரிசியை 4 மணி நேரம் ஊறவையுங்கள். அவசரத்துக்கு 2 மணி நேரத்தில் எடுத்தால் அரிசியின் நடு ஊறாது, எவ்வளவு அரைத்தாலும் குருணை நிற்கும். அந்தக் குருணைதான் அச்சின் கண்ணை அடைக்கிறது. கிரைண்டரில் தண்ணீரைக் கையளவாகத் தெளித்து, விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்காத வரை ஆட்டுங்கள். இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக இருந்தால் போதும். தோசை மாவுப் பதத்துக்குப் போனால் இழை ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகும். உப்புப் போட்டு உடனே இட்லித் தட்டில் ஊற்றலாம், புளிக்க வைக்கக் கூடாது.

ஆவியில் 12 முதல் 15 நிமிடம். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. வெந்ததும் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி வைப்பதுதான் அடுத்த தவறு. ஆறினால் அரிசி மாவு இறுகிவிடும். அடுப்பைச் சிம்மில் வைத்து, ஒரு ஈட்டுக்கு வேண்டிய மூன்று நான்கு இட்லியை மட்டும் எடுத்து, உள்ளே நல்லெண்ணெய் தடவிய நாழியில் சூடாகப் போடுங்கள்.

திருகு நின்றுவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். மரை தேயும், கால் வளையும். பின்னால் சுற்றி மாவை எடுத்து, மறுபடி 4 நிமிடம் ஆவி காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குருணையாக அரைத்த மாவுக்கு மட்டும் அந்த வைத்தியம் பலிக்காது; அன்றைக்கு அதை இட்லியாகவே, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டுவிடலாம்.

குறை என்றால் கால்தான். டைல்ஸ் தரையில் வழுக்குகிறது, அடியில் சாக்கு விரிக்க வேண்டும். இரும்புத் திருகு ஈரத்தோடு கிடந்தால் துருப்பிடிக்கும். துடைத்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். அச்சைக் காயவிடாமல் பிழிந்த கையோடு தண்ணீரில் போடுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே திருகை அடிவரை இறக்கிப் பாருங்கள். அமுக்கும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் அந்த நாழி வேண்டாம், வேறொன்று கேளுங்கள்.