குளிர்காலக் குடும்பக் கப்பல் பயணம்: எந்தத் துறைமுகத்தில் ஏறினால் கையைக் கடிக்காது?

குளிர்காலத்தில் குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று முடிவு செய்ததும், எந்தக் கப்பல், எந்தத் தீவு, அறை என்ன விலை என்றுதான் எல்லோரும் தேட ஆரம்பிக்கிறார்கள். சில வருஷங்களாகக் குளிர்காலத்தில் போய் வந்த அனுபவத்தில், நான் முதலில் பார்ப்பது துறைமுகத்தை. எங்கே ஏறுகிறோம் என்பது தெரிந்தால்தான் மொத்தச் செலவும், எத்தனை நாள் உண்மையில் வெயிலில் இருப்போம் என்பதும் தெரியும். கப்பல் டிக்கெட் விலை அந்த மொத்தத்தில் ஒரு பங்குதான்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருக்கும் வருஷம் என்றால் ஆறு பேர், இரண்டு அறை. நியூ ஜெர்சியின் பேயோன் ஊரில் இருக்கும் கேப் லிபர்ட்டி, ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல், ஒர்லாண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் போர்ட் கனாவரல் ஆகிய மூன்றிலும் ஏறியிருக்கிறோம். மற்ற துறைமுகங்களைப் பற்றி விலை விசாரித்த அளவிலும், அங்கிருந்து போன நண்பர்கள் சொன்ன அளவிலும் சொல்கிறேன்.

முதலில் வீட்டுப் பக்கத்துத் துறைமுகம். கேப் லிபர்ட்டியில் ஏறுவது அவ்வளவு சுலபம். வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம். நண்பர் யாராவது கொண்டுவந்து விட்டுவிட்டால் பார்க்கிங் செலவும் இல்லை. விமானம் கிடையாது, முதல் நாள் ஹோட்டல் கிடையாது, பெட்டிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மாமியாருக்கு முட்டி வலி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, பாதுகாப்புச் சோதனை தாண்டி, மறுபடி இறங்கி டாக்ஸி பிடிக்கிற அலைச்சல் எதுவும் இல்லாமல், காரில் இருந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் கப்பலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாலை நான்கு மணி வாக்கில் கப்பல் கிளம்பும்போது சுதந்திர தேவி சிலை ஒரு பக்கம், மன்ஹாட்டன் கட்டடங்கள் பின்னால். டிசம்பரில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் வெரசானோ பாலத்துக்கு அடியில் போகும்போது விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். குளிருக்கு எல்லோரும் கனமான கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டுதான் மேல்தளத்தில் நிற்க வேண்டும்.

அந்தக் கோட்டை அடுத்த நாளும் கழற்ற முடியாது என்பதுதான் விஷயம். நியூயார்க் பக்கத்திலிருந்து கிளம்பும் ஏழு இரவுப் பயணத்தில் தெற்கே போய்ச் சேரவே கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆகும், திரும்பி வரவும் அதே அளவு. நடுவில் கிடைப்பது போர்ட் கனாவரல், பஹாமாஸின் நசாவு, கப்பல் நிறுவனத்தின் தனித் தீவு என்று மூன்று நாள். ஜனவரியில் பஹாமாஸ் என்றால் கொளுத்தும் வெயில் என்று நினைத்துப் போக வேண்டாம். பகலில் சாதாரணமாக 25 டிகிரி செல்சியஸ் இருக்கும், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் அதுவும் குறையும். கடல் தண்ணீரில் இறங்கிய என் சின்னவள் பத்து நிமிஷத்தில் உதடு நீலமாகி வெளியே வந்துவிட்டாள். காற்று பலமாக இருந்தால் தனித் தீவில் கப்பலை நிறுத்தவே மாட்டார்கள். அன்றைக்குக் கடல் நாள்தான், அதாவது எங்கும் இறங்காமல் முழு நாளும் கப்பலிலேயே.

இன்னொன்று அலை. வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனையைத் தாண்டும் இடத்தில் வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான தண்ணீரும் குளிர்காலப் புயல்களும் சந்திக்கின்றன. 2016 பிப்ரவரியில் பேயோனிலிருந்து கிளம்பிய ஆன்தம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் அந்தப் பக்கத்தில் புயலில் சிக்கி, பயணத்தை முடிக்காமலே திரும்பி வந்தது. அது அபூர்வம். ஆனால் சாதாரண ஜனவரியிலும் அந்த ஓர் இரவு தொட்டில் மாதிரி ஆடும். தலைசுற்றல், வாந்தி வருகிறவர்கள் குடும்பத்தில் இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு.

கடல் நாட்கள் அதிகம் என்பதால் இந்தத் துறைமுகத்தில் ஏறும்போது கப்பல் எது என்பது மற்ற இடங்களைவிட முக்கியமாகிறது. கூரை போட்ட நீச்சல் குளம், உள்ளேயே விளையாடும் அரங்கு, நல்ல பிள்ளைகள் கிளப் இருக்கும் கப்பல் என்றால் குளிர் ஒரு பொருட்டில்லை. ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்ளரங்கில் மோதுகார் விளையாட்டே உண்டு. திறந்த குளத்தை நம்பிய பழைய கப்பல் என்றால் முதல் நாளும் கடைசி நாளும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாட்டம்தான்.

அப்புறம் ஃப்ளோரிடா. இங்கே கணக்கே வேறு. மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் மூன்றிலும் குளிர்காலத்தில் அவ்வளவு கப்பல்கள் நிற்கின்றன. போட்டி அதிகம் என்பதால் அதே வாரத்தில் அதே மாதிரி அறை நியூ ஜெர்சியை விடக் குறைவாகக் கிடைப்பது சகஜம். ஆனால் போய்ச் சேரும் செலவு இருக்கிறதே! நாங்கள் ஜனவரி நடுவில் போனபோது எங்கள் பக்கத்து நெவார்க் விமான நிலையத்திலிருந்து ஆளுக்கு 150 டாலர் வாக்கில் போக வர டிக்கெட் கிடைத்தது. அதே டிக்கெட் கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று மடங்கு. பெட்டிக் கட்டணம், முதல் நாள் ஹோட்டல், டாக்ஸி எல்லாம் சேர்த்தால் நான்கு பேருக்கு ஆயிரம் டாலரை ஒட்டி வந்துவிடும். ஆகவே கப்பல் டிக்கெட்டில் ஆயிரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் மட்டும் பணக் கணக்கில் ஃப்ளோரிடா ஜெயிக்கும்.

வெயில் கணக்கில் எப்போதும் ஃப்ளோரிடாதான். கிளம்பிய மாலையே பிள்ளைகள் குளத்தில். ஏழு இரவில் மெக்சிகோவின் கோசுமெல் தீவு அல்லது கரீபியனின் செயின்ட் மார்ட்டின் தீவு வரை போய் வந்துவிடலாம். அங்கே ஜனவரியிலும் கடல் குளிக்கிற சூட்டில் இருக்கும். பள்ளிக்கு நாலு நாள் மட்டும் லீவு போட முடியும் என்கிறவர்களுக்கு நான்கு, ஐந்து இரவுப் பயணங்கள் அங்கே ஏராளம்.

மூன்றில் எது? குடும்பத்துக்கு ஃபோர்ட் லாடர்டேலைத்தான் நான் சொல்வேன். விமான நிலையத்துக்கும் அந்த ஊரின் துறைமுகமான போர்ட் எவர்கிளேட்ஸுக்கும் பத்து, பதினைந்து நிமிஷம். சாமான் செட்டோடு ஆறு பேர் என்றால் ஒரே வேன் போதும். மயாமியிலிருந்து கிளம்பும் கப்பலுக்கும் ஃபோர்ட் லாடர்டேலுக்கு விமானம் மலிவாக இருந்தால் அதையே எடுக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 30 மைல்தான், பிரைட்லைன் ரயிலும் ஓடுகிறது. போர்ட் கனாவரலுக்கு ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து 45 மைல் போக வேண்டும். ஷட்டில் பஸ்ஸில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதால், நாலு பேருக்கு மேல் இருந்தால் ஒருவழி வாடகைக் கார் எடுத்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் விட்டுவிடுவது எங்களுக்கு மலிவாக இருந்தது. டிஸ்னியும் பார்த்துவிட்டு ஏறலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இதுதான் தோதான துறைமுகம்.

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கும் டாம்பாவை யாரும் யோசிப்பதில்லை. சன்ஷைன் ஸ்கைவே பாலத்துக்கு அடியில் போக வேண்டும், தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவே இடைவெளி சுமார் 180 அடி. இப்போதைய ராட்சதக் கப்பல்கள் நுழைய முடியாது. அதனால் அங்கே இருப்பவை சிறிய, பழைய கப்பல்கள். நீர்ச்சறுக்கு, ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கு எல்லாம் வேண்டாம், அமைதியாகப் போய் வந்தால் சரி என்கிற குடும்பம் அங்கே விலை பார்க்கலாம்.

ஹூஸ்டன், டல்லஸ் நண்பர்கள் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தை விட்டு வேறு எங்கும் போவதில்லை. காரிலேயே போய் ஏறி, மூன்றாம் நாள் கோசுமெல். பெட்ரோலும் பார்க்கிங்கும்தான் செலவு. ஒரே தொல்லை ஜனவரி, பிப்ரவரியில் வரும் கடல் மூடுபனி. மூடுபனி விலகும்வரை துறைமுகக் கால்வாயை மூடிவிடுவார்கள், கப்பல் வெளியே காத்திருக்கும். திரும்பும் நாளன்று மதியமே விமானம் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

விமானத்தில்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டால், ஒருமுறை புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விலையையும் பார்த்துவிடுங்கள். நெவார்க்கிலிருந்து நான்கு மணி நேரம், உள்நாட்டு விமானம். கப்பல் ஏற்கெனவே கரீபியனின் நடுவில் நிற்பதால் தினம் ஒரு தீவு, கடல் நாள் ஒன்றோ இரண்டோதான். தீவு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்றது. கடல் நாளின் ஓய்வை விரும்பும் என் மாமனார் மாதிரி ஆட்களுக்கு அலைச்சல்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமானது, நம் ஆட்கள் பலர் பணம் கட்டியபின் யோசிப்பது: விசா. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்கும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைத்துப் போக முடியும். இந்தியப் பாஸ்போர்ட்டில் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. கப்பல் வெளிநாட்டைத் தொட்டுத் திரும்பும்போது மறுபடி நாட்டுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. விசா முத்திரை காலாவதியாகி, ஐ797 என்ற அனுமதிக் கடிதம் மட்டும் கையில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். காலாவதியான விசாவோடு கனடா, மெக்சிகோவுக்கு 30 நாட்களுக்குள் போய் வர இருக்கும் தானியங்கி மறுசெல்லுபடி விதி, எச்1பிக்காரர்களுக்குக் கரீபியன் தீவுகளுக்குப் பொருந்தாது. எஃப், ஜே என்ற மாணவர், பரிமாற்ற விசாக்காரர்களுக்குத்தான் பக்கத்துத் தீவுகளுக்கும் உண்டு. ஊரிலிருந்து வந்த பெற்றோரின் பி2 சுற்றுலா விசாவில் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் வரும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இன்னொரு விதி. ராயல் கரீபியனில் பொதுவாக ஆறு மாதக் குழந்தையை அனுமதிப்பார்கள். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கடல் நாள் வரும் பயணம் என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். வடக்குத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் நீண்ட பயணங்களில் இது குறுக்கே வரலாம்.

எந்தத் துறைமுகமானாலும் மாறாத செலவுகள் உண்டு. டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை, பிள்ளைகளுக்கும் சேர்த்து. துறைமுக வரி தனி. ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு டிக்கெட் குறையும், வரி குறையாது. சாப்பாட்டில் கவலைப்பட ஒன்றுமில்லை. நாங்கள் போன கப்பல்களில், முதல் நாள் இரவே உணவகப் பொறுப்பாளரிடம் சொல்லிவைத்தால் மறுநாள் இந்திய சைவச் சாப்பாடு வந்தது. ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

தேதி விஷயத்தில் எங்கள் அனுபவம் தெளிவானது. டிசம்பரின் முதல் இரண்டு வாரமும், புத்தாண்டு முடிந்த ஜனவரியும்தான் மலிவு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையும், பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் தின விடுமுறை வாரமும் எல்லாத் துறைமுகத்திலும் விலை ஏறிவிடும். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்கிறவர்களுக்கு, விமான விலையும் சேர்ந்து ஏறுவதால், காரில் போகிற துறைமுகம் ஏறக்குறைய எப்போதும் லாபம். லீவு எடுக்க முடிகிறவர்கள் ஜனவரியில் ஃப்ளோரிடா போகலாம்.

இந்தக் குளிர்காலத்துக்கு மாமனார் மாமியாரும் வருவதால் மறுபடி கேப் லிபர்ட்டியே எடுத்திருக்கிறோம், கூரை போட்ட குளம் உள்ள கப்பலாகப் பார்த்து. அவர்கள் ஊருக்குத் திரும்பியபின், அடுத்த ஜனவரியில் நாங்கள் நால்வர் மட்டும் ஃபோர்ட் லாடர்டேல். பனிப்புயலில் நெவார்க் விமானம் ரத்தானால் கப்பல் நமக்காக நிற்காது என்பதால், அதற்கு முதல் நாள் காலை விமானமாகவே தேடிக்கொண்டிருக்கிறேன். மாலை விமானம் 40 டாலர் குறைவாக இருந்தாலும் அது எனக்கு வேண்டாம்.