சிறிய காரின் கதவுகளுக்கு பியூட்டைல் டேம்பிங் ஷீட்: வீட்டிலேயே ஒட்டிய பின் ஒரு மதிப்பீடு

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் துணைப்பொருள் விற்கும் கடைகளில், கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க உட்புறம் ஒட்டும் டேம்பிங் ஷீட் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகைகளை எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று தார் கலந்த கறுப்பு பிட்டுமன் ஷீட். மற்றொன்று, மேலே அலுமினியத் தகடும் கீழே பிசுபிசுப்பான கறுப்பு ரப்பரும் கொண்ட பியூட்டைல் ஷீட். முதலாவது கணிசமாக மலிவு என்பதால் பலர் அதையே வாங்கிச் செல்கிறார்கள். என் ஹேட்ச்பேக்கின் நான்கு கதவுகளுக்கும் நான் தேர்ந்தெடுத்தது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பியூட்டைல் ஷீட். வாங்கும்போது தயாரிப்பாளரின் பெயரைவிட வகையும் தரமுமே முக்கியம் என்பதால், இந்த மதிப்பீடும் அந்த வகையைப் பற்றியதாகவே இருக்கும்.

சிறிய கார்களுக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நம் சாலைகளில் ஓடும் ஹேட்ச்பேக்குகளின் வடிவத்தைத் தீர்மானித்ததில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. விலையும் மைலேஜும்தான் இந்தப் பிரிவில் விற்பனையை முடிவு செய்கின்றன. எனவே எடையைக் கூட்டும் எதையும் தயாரிப்பாளர்கள் எளிதில் சேர்ப்பதில்லை. கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதன் உட்புறத்தில் ஒரு சிறு துண்டு டேம்பிங் ஒட்டியிருந்தாலே அதிகம். வெளித்தகட்டின் நடுவில் விரலால் தட்டினால் எழும் வெற்று ஓசையிலேயே மீதி விளங்கிவிடும்.

பியூட்டைல் ஷீட் ஒலியைத் தடுத்து நிறுத்துவதில்லை. கடைக்காரர்கள் இதை 'சவுண்ட் புரூஃப்' என்று சொல்லி விற்பது சரியன்று. வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் ரீங்காரம் உடனே அடங்குகிறதல்லவா, இந்த ஷீட் கதவுத் தகட்டுக்குச் செய்வது அதைத்தான். தகடு அதிரும்போது வளைகிறது. மேலே உள்ள அலுமினியம் எளிதில் நீளாது. ஆகவே தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே சிக்கிக்கொண்ட பியூட்டைல் பக்கவாட்டில் இழுபடுகிறது, அந்த இழுவையில் அதிர்வின் ஆற்றல் மிகச் சிறிய அளவு வெப்பமாக மாறிவிடுகிறது. அலுமினியத் தகடு காகிதம்போல் மெல்லியதாக இருந்தால் இந்த வேலை பாதிகூட நடக்காது. வாங்குவதற்கு முன் ஷீட்டின் ஓரத்தை விரலால் மடக்கிப் பார்த்து, தகடு மடிப்பை அப்படியே பிடித்து நிற்கிறதா என்று கவனிப்பது நல்லது.

பிட்டுமனை நான் ஒதுக்கியதற்கு நம் வெயிலே காரணம். சித்திரை, வைகாசி மாதங்களில் திறந்த வெளியில் நிறுத்திய காரின் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் தார் இளகி வாடை வீசும், நாளடைவில் செங்குத்தான தகட்டிலிருந்து நழுவவும் கூடும். பியூட்டைல் என்பது காற்றைக் கசியவிடாத தன்மைக்காக டயர் டியூப் செய்யப் பயன்படும் ரப்பர் வகை; அது சூட்டைத் தாங்கிக்கொண்டு ஒட்டிய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் பியூட்டைல் என்ற பெயரில் தார் கலந்த சரக்கும் விற்கப்படுகிறது. பின்தாளை உரித்து முகர்ந்து பார்த்தால், ரோடு போடும் இடத்தின் வாடை வருகிறதா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரு கடையில் அவ்வாறு உரித்துப் பார்க்க அனுமதிக்க மறுத்தார்கள். நான் அங்கே வாங்கவில்லை.

ஒட்டும் வேலை கடினமானதன்று, ஆனால் பொறுமையைக் கேட்பது. கைப்பிடிக் குழியிலும் ஆர்ம்ரெஸ்டிலும் மூடிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றிய பிறகு, கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் மெல்ல விடுவிக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்புகள் சில உடையத்தான் செய்யும் என்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே அந்த மாடலுக்கான கிளிப்புகளை ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பவர் விண்டோ சுவிட்சின் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றாமல் பேடை இழுத்தால் ஒயர் அறுந்துவிடும். அடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை அதன் கறுப்புப் பசையோடு கவனமாக உரித்தெடுக்க வேண்டும். மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதைக் கிழித்து எறிந்துவிட்டு வேலையை முடிப்பவர்கள், ஐப்பசி மழையில் தரைவிரிப்பு நனைந்த பிறகே அதன் அருமையை உணர்வார்கள்.

கதவின் உட்புறத்தில் படிந்திருக்கும் புழுதியை முதலில் ஈரத்துணியாலும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து உலர்த்த வேண்டும். ஷீட்டின் ஒட்டும் திறன் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இந்தத் துடைப்பை ஈடுசெய்யாது. குளிர்நாடுகளில் ஹீட் கன்னால் சூடாக்கித்தான் ஒட்டுகிறார்கள். நம் ஊரிலோ ஷீட்டைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தாலே அது தகட்டின் வளைவுகளுக்கு இணங்கும் அளவுக்கு இளகிவிடுகிறது. பிறகு ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினியத்தின் மேலுள்ள புடைப்புக் கோலம் மறைந்து சமதளமாகும் வரை அழுத்தினால்தான் அடியில் காற்றுக் குமிழி இல்லை என்று பொருள். வெட்டிய அலுமினிய ஓரம் பிளேடுபோல் கூர்மையானது. கையுறை இல்லாமல் கதவுக்குள் கைவிடுவது ஆபத்து. இது எல்லாப் பியூட்டைல் ஷீட்டுகளுக்கும் உள்ள குறை என்றாலும், உறைமேல் ஒரு வரி எச்சரிக்கையாவது அச்சிட்டிருக்கலாம்.

முழுத் தகட்டையும் மூட வேண்டும் என்று சொல்வது விற்பனையைக் கூட்டும் பேச்சு. தகடு அதிகமாக அதிர்வது தாங்கல் இல்லாத நடுப்பகுதியில்தான். அங்கே கால் பங்கு முதல் பாதிப் பரப்பு வரை ஒட்டினாலே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் செலவிடும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ எடை கொண்டது. நான்கு கதவுகளிலும் சேர்த்து 2 சதுர மீட்டர் ஒட்டினால்கூடக் கூடும் எடை 8 கிலோவுக்குள் அடங்கும் என்பதால், மைலேஜைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த நிலையிலும் கதவின் அடியோரத்தில் உள்ள வடிகால் துளைகளை மூடக் கூடாது. கண்ணாடி இறங்கி ஏறும் பாதையில் ஷீட் உரசாமல் இருக்கிறதா என்பதையும் பேடை மாட்டும் முன்பே சோதித்துவிட வேண்டும்.

பலனைப் பொறுத்தவரை, முதலில் தெரிவது கதவைச் சாத்தும் ஓசை. தகரம் அதிரும் சத்தம் போய், அடக்கமான ஒரே ஒலி மட்டும் எழுகிறது. மழை பெய்யும்போது கதவில் விழும் துளிகளின் சத்தமும், பக்கத்தில் பேருந்து நின்று உறுமும்போது கதவில் எழும் நடுக்கமும் வெகுவாகக் குறைந்துள்ளன. பெரும் மகிழ்ச்சி தந்தது பாட்டுதான். கதவு ஸ்பீக்கரின் முன்புறமும் பின்புறமும் எழுப்பும் ஒலியலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. உட்தகட்டில் உள்ள பெரிய துளைகளின் வழியே பின்புற அலை கசிந்து வந்தால், தாழ்ந்த சுரங்கள் அங்கேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்தத் துளைகளை ஷீட்டால் மூடியதும், கம்பெனி பொருத்திக் கொடுத்த அதே ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. புதிய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன். பின்னாளில் உள்ளே கைவிட வேண்டியிருக்கும் பெரிய துளைகளை மட்டும், ஸ்க்ரூவில் மாட்டிய பிளாஸ்டிக் பலகையின் மேல் ஷீட் ஒட்டி மூடுவது மெக்கானிக்குக்குச் செய்யும் உதவி.

ஏமாற்றம் தரும் இடம் நெடுஞ்சாலை. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காருக்குள் நிறையும் இரைச்சல், டயரிலிருந்தும் சக்கரத்தின் மேலுள்ள வளைவான வீல் ஆர்ச் வழியாகவும், கதவு ரப்பரின் இடுக்குகளில் புகும் காற்றிலிருந்தும் வருவது. அதன்மேல் இந்த ஷீட்டுக்குப் பெரிய அதிகாரம் இல்லை. ஒலியைத் தடுக்க எடை வேண்டும். தடுப்பின் எடையை இருமடங்காக்கினால்தான் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது கொள்கை அளவிலான கணக்கு, நடைமுறையில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் குறிப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. கதவுக்குள் ஒட்டும் ஷீட் அந்த விவரங்கள் எதையும் தொடுவதில்லை. வாரண்டி உள்ள வண்டியில் ஒயர்களை வெட்டாமல் இருக்க வேண்டும். ஆனால் சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கிறது. அத்தகைய கதவுகளின் துளைகளை மூடக் கூடாது, சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் முன்கதவுகள் இரண்டுக்கு மட்டும் வாங்கினால் போதும், ஸ்பீக்கரின் பலன் முழுவதும் அங்கேயே கிடைத்துவிடும். பின்கதவுகளில் எனக்குத் தெரிந்த மாற்றம் சாத்தும் ஓசையில் மட்டும்தான். மீதமிருந்த துண்டுகளை டிக்கிக் கதவில் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டினேன். அங்கே இருந்த கடகடப்பு முற்றிலும் நின்றுவிட்டது.