டிஷ்வாஷர் கதவு மூடவில்லையா? தரையையும் கொஞ்சம் பாருங்கள்

2019 கடைசியில் வாங்கிய டிஷ்வாஷர் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாத்திரம் நன்றாகக் கழுவுகிறதா என்றால், கழுவுகிறது. மோட்டார், ஹீட்டர், பம்ப் எதுவும் இதுவரை படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் கதவுதான். ஒரு தடவை ஒட்டவே ஒட்டாது, இன்னொரு தடவை ஒட்டிவிட்டுத் திரும்பி வரும், அப்புறம் ஒருநாள் 'டக்' என்று மூடிக்கொண்டும் மெஷின் கிளம்பாது. அதனால் இந்த அனுபவத்தில் பாதிக்கு மேல் கதவுக் கதைதான். பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தொல்லைகள் எந்தக் கம்பெனி மெஷினிலும் வரக்கூடியவை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், ஈப்போ நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. அம்மா வெட்டுக்காட்டில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்த பலரைப் போல நாங்களும் தாமான் என்னும் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். இந்த வீடுகளின் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் கதவைப் பற்றிப் பேச முடியாது. வீடு வாங்கியதும் எல்லோரும் பின்னால் இழுத்துக் கட்டி ஒரு வெட் கிச்சன் போடுவார்கள். மீன் கழுவுவது, மிளகாய் அரைப்பது, நெத்திலி பொரிப்பது எல்லாம் அங்கேதான். வேலை முடிந்ததும் ஹோஸைத் திருப்பித் தரையை அலசிவிடுவோம். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அந்தத் தரையைச் சாக்கடைத் துளையை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள்.

குழாயும் வடிகாலும் பக்கத்தில் இருப்பதால் டிஷ்வாஷரும் அங்கேதான் போனது. 60 செ.மீ. அகலம், தனியாக நிற்கும் வகை. கடைக்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள், பைப்பை மாட்டினார்கள், ஒருமுறை காலியாக ஓட்டிக் காட்டினார்கள், லோரியில் ஏறிப் போய்விட்டார்கள். மட்டம் பார்க்கும் ரசமட்டம் என்ற ஒன்று அவர்கள் கையில் இல்லை.

கதவு முதலில் முறைத்தது 2020 மார்ச்சில். 18-ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியிருந்தது. எல்லோரும் வீட்டில். பசியாறிய தட்டு கழுவி முடிப்பதற்குள் மத்தியானச் சட்டிகள் வந்துவிடும். மெஷினை நெருக்கி அடுக்கினோம், கதவு ஒட்டவில்லை. ஈப்போவிலிருந்து மெக்கானிக் யாரும் வர முடியாத நேரம். "கையால கழுவினா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று அம்மா ஆரம்பித்துவிட்டார்.

கூடைகள் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தோம். சாதுவாக மூடியது. கதவு மூடாத எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். காசு செலவில்லை, ஸ்குரு டிரைவரும் வேண்டாம். காலி மெஷின் மூடினால் கோளாறு அடுக்கியதில் இருக்கிறது. மூடாவிட்டால் ரப்பரிலோ கொக்கியிலோ கீலிலோ தரையிலோ இருக்கிறது.

எங்கள் மெஷினில் அன்றைக்குக் குற்றவாளி மேல் கூடை. பெரிய எவர்சில்வர் தட்டுகளுக்குக் கீழே இடம் வேண்டுமென்று அந்தக் கூடையை உயர்த்தியிருந்தோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு நெம்பு உண்டு. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் பழைய இடத்திலேயே நின்றிருந்தது. கூடை சாய்ந்தால் அதன் பின்பக்கத்துக் குழாய்வாய் மெஷினின் பின்சுவரில் உள்ள தண்ணீர் வழியோடு பொருந்தாது. கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பார்த்தால் தெரியாது, கதவுக்கு மட்டும் தெரியும். கீழ்க்கூடையிலும் ஒரு சங்கதி உண்டு. சில மாடல்களில் அதற்கு முன்பின் உண்டு, திருப்பிப் போட்டால் முழுதாக உள்ளே போகாது. இன்னொன்று, கதவின் உட்புறம் இருக்கும் சோப்புப் பெட்டி. அதற்கு நேராக ஒரு பெரிய தட்டையோ சட்டியின் பிடியையோ வைத்தால் கதவு இடிக்கும். எப்படியோ அழுத்தி மூடிவிட்டாலும் சோப்புப் பெட்டியின் மூடி திறக்காது, கழுவியும் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும். நம் வீட்டு நீளக் கரண்டிகளைப் படுக்கப் போடுவதே நல்லது. நிற்க வைத்தால் தண்ணீர் பீய்ச்சும் கை சுற்றும்போது தட்டும்.

அதன் பிறகு வெகு நாட்கள் அமைதி. அப்புறம் வந்ததுதான் பெரிய தொல்லை.

கூடைகள் காலியாக இருந்தாலும் கதவின் வலது மேல்மூலை உரசும். தூக்கிப் பிடித்து அழுத்தினால் மூடும், கையை எடுத்தால் சில நேரம் திரும்பி வரும். மூடிக்கொண்டாலும் இடது கீழ்மூலையில் தண்ணீர் கசியும். என் வீட்டுக்காரர் கொக்கி தேய்ந்துவிட்டது என்றார். அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார். கடைசியில் ஈப்போவிலிருந்து ஒரு தம்பி வந்தான். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் உட்கார்ந்து அதன் கால்களைப் பார்த்தான்.

"அக்கா, மெஷின்ல ஒண்ணும் இல்ல. உங்க தரைதான் அதை முறுக்குது."

பின்பக்கத்து ஒரு காலுக்கும் டைலுக்கும் நடுவில் அவனுடைய அடையாள அட்டை நுழைந்து வந்தது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு என்றாலும் 60 செ.மீ. அகலத்துக்கு 6 மில்லிமீட்டர் ஆகிறது. அதுவும் துளையைப் பார்த்துக் கோணலாக ஓடும் சரிவு என்பதால் நான்கு கால்களுக்கும் நான்கு உயரம். ஒரு கால் குட்டையான பெஞ்சு ஆடும், அவ்வளவுதான். மெஷினின் உடம்போ மெல்லிய தகட்டுச் சட்டம். பாத்திரமும் தண்ணீரும் ஏறும்போது, கனமான கதவு முன்னால் விரியும்போது, தாங்காத மூலையை நோக்கி அந்தச் சட்டம் மெதுவாக முறுக்கிக்கொள்ளும். கதவு நேராகத்தான் இருக்கும். அது போய்ப் பொருந்த வேண்டிய வாசல் கோணலாகிவிடும். கொக்கி ஒரு இடத்திலும் அது மாட்ட வேண்டிய துளை இன்னொரு இடத்திலும் நிற்கும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கதவை மெதுவாகச் சாத்தி, மேலே இடது ஓர இடைவெளியையும் வலது ஓர இடைவெளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் அளவு நாடாவை எடுத்து, கதவைத் திறந்து, வாசலின் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலை வரை ஓர் அளவு, வலது மேலிருந்து இடது கீழ் வரை இன்னோர் அளவு எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. நன்றாக வித்தியாசம் காட்டினால் கொக்கி, ரப்பர் என்று காசைச் செலவழிக்க வேண்டாம், கால்களைச் சரிசெய்யுங்கள்.

அந்தத் தம்பி செய்தது இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினான், கூடைகளை வெளியே வைத்தான், பைப்புகள் இழுபடாமல் மெஷினை முன்னால் நகர்த்தினான். பின்கால்களை முதலில் திருகி, பிறகு முன்கால்கள். மேலே ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துப் பார்த்தான், நீளவாக்கில் பார்த்தான். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தி, ஆட்டம் நின்ற பிறகே கால்களின் பூட்டு நட்டுகளை இறுக்கினான். கைப்பேசியில் வரும் ரசமட்டமும் போதும் என்றான். அலமாரிக்குள் பொருத்தும் வகைகளில் பின்காலைத் திருக முன்பக்க அடியிலேயே ஒரு ஸ்குரு இருக்கும், மெஷினை வெளியே இழுக்க வேண்டியதில்லை. கதவு அன்றைக்கே மூடியது.

ஆனால் வெட் கிச்சனில் அந்தத் தீர்வு நிலைக்கவில்லை. சரிவில் நீட்டி வைத்த கால்கள், தினமும் ஓடும் தண்ணீர், கதவைத் திறந்து மூடும் அதிர்ச்சி. மெஷின் சிறிது சிறிதாக நகர்ந்துவிடும். அடியில் பலகையோ மடித்த அட்டையோ கொடுப்பவர்கள் உண்டு. நம் ஊர் ஈரத்தில் அது ஊறி நசுங்க எத்தனை நாள் ஆகும்? கடைசியில் தெரிந்த கொத்தனாரை வைத்து மெஷின் அளவுக்கு ஒரு சிறிய சிமெண்டு மேடை போட்டு, மட்டம் பார்த்து டைல் ஒட்டினோம். இந்த மெஷினுக்காகச் செய்த செலவுகளில் உருப்படியானது இதுதான் என்பேன். தரையை அலசும்போது மெஷினின் அடிவயிற்றில் தண்ணீர் அடிக்காமல் போனதும் ஒரு நிம்மதி. மின்சாரச் சமாச்சாரங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் மேடையை முதலில் கட்டிவிட்டு மெஷினைக் கூப்பிடுங்கள். கடைக்காரர் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது ரப்பர். கதவு ரப்பர் பெரும்பாலும் வாசலின் இரண்டு பக்கமும் மேலேயும் சுற்றி வரும். அடியில் தனியாக ஒரு பட்டை இருக்கும். அந்த அடிப்பட்டைப் பக்கம் தண்ணீர் சரியாக அடிக்காது, மெஷின் தன்னைத்தானே அங்கே கழுவிக்கொள்ளாது. சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு, குழம்பெண்ணெய் எல்லாம் சேர்ந்து கெட்டியாகிவிடும். பழைய பல் துலக்கியும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் போதும். ரப்பர் மூலையில் மடிந்திருந்தால் கழற்றி, அதே தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, மேல் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். பசை வேண்டாம். தேங்காய் எண்ணெய் யோசனையை அம்மா இன்னும் கைவிடவில்லை, நானும் பூச விடுவதாக இல்லை. எண்ணெய் ரப்பருக்கு நல்லதல்ல. குளோராக்ஸ் மாதிரி வெளுப்பு மருந்து ரப்பருக்கும் கேடு, உள்ளே இருக்கும் எவர்சில்வர் சுவருக்கும் கேடு.

கொக்கியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சில மாடல்களில் கதவு திறந்திருக்கும்போதே கொக்கி மூடிய நிலைக்குப் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலால் மெதுவாக இழுத்தால் பழைய இடத்துக்கு வரும். எதிரே உள்ள தகடு இரண்டு ஸ்குருவில் நிற்பதாக இருந்தால், தளர்த்தி ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்கலாம். எங்கள் கொக்கித் துளையில் ஒருமுறை இருந்தது பல்லி முட்டை. அதற்கு எந்தக் கையேட்டிலும் வழி சொல்லவில்லை. கொக்கியை ஸ்குரு டிரைவரால் அமுக்கி, கதவு திறந்தபடியே ஓட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே கொதிக்காத குறையாகச் சுடுதண்ணீர் பீய்ச்சும். 'டக்' என்று மூடியும் கிளம்பாத கோளாறு வேறு வகை. சுவிட்சு பக்கத்து வேலை அது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஈப்போவில் இருக்கும் என் தங்கை வீட்டு மெஷின் வேறு ரகம். கழுவி முடித்ததும் கதவு தானாகக் கொஞ்சம் திறந்து ஆவியை வெளியே விடும். அதற்கென்று ஒரு சிறிய முளை வெளியே நீளும். அது உள்ளே போவதற்குள் கதவைத் தள்ளினால் மூடாது, அழுத்தினால் முளை உடையும். சில மாடல்களின் கையேட்டில், தானாகத் திறந்த பிறகு 2 நிமிடம் மூடாதீர்கள் என்றே எழுதியிருக்கும். மேலே இருக்கும் அலமாரிப் பலகை ஆவியில் ஊதிப்போய்க் கதவை உரசத் தொடங்கியதும் அவள் வீட்டில்தான். மரத்தூள் பலகைக்கு அடியில் அந்த வகை வாங்குவதானால் பலகைக்கு ஆவித் தடுப்புப் பட்டை ஒட்டிவிடுங்கள்.

மற்றபடி மெஷினைப் பற்றி? அலுமினியச் சட்டியைப் போட்டால் கறுத்துப்போகும், பித்தளை மங்கும், தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் போய்விடும். இவை மூன்றும் இன்னும் அம்மாவின் கையில்தான். மஞ்சள் பட்ட பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகவே வரும். தீபாவளி நேரத்தில் மட்டும் இதன் அருமை அம்மாவின் வாயிலிருந்தே வரும்.

இப்போது புதிதாக ஒன்று. கதவைப் பாதியில் விட்டால் நிற்க வேண்டும். எங்களுடையது 'தொம்' என்று விழுகிறது. கதவின் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கோ அதன் கயிறோ தளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு ஒருக்களித்து நிற்கும். திறந்த கதவின் மேல் சாம்பார்ச் சட்டியை வைக்காதே என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தக் கனம் கீலை வளைத்துவிடும். கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பி ஸ்பிரிங் ஜோடிக்குச் சொல்லியாகிவிட்டது. அது வரும்வரை கதவை ஒரு கையால் தாங்கித்தான் இறக்குகிறோம்.