பரந்தனில் ஒரு சனிக்கிழமைப் பௌதிகவியல் வகுப்பு

மகளை உயர்தர வகுப்பில் விடப்போன நான், மழைக்காக பின்வாங்கில் இருந்துவிட்டேன். கிளிநொச்சிப் பக்கம், பரந்தன் சந்திக்குக் கிட்டத்தான் இடம், தகரக் கூரை. சேர் சமன்பாட்டில் தொடங்கவில்லை. பற்றரி, செப்புக்கம்பி, திசைகாட்டி. கம்பியில் மின் ஓடியதும் ஊசி வெடுக்கென்று திரும்பியது. 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஏர்ஸ்டெட் கண்டதும் இதைத்தான்: மின்னோட்டம் காந்தம்போல் நடக்கிறது.

பிறகு, சைக்கிள் சில்லின் அச்சுக்குள் இருந்த குண்டுகளை, கிறீஸ்கூடத் துடைக்காமல், மேசையில் உருட்டினார். வெளியெங்கும் ஈதர் என்றொரு கண்ணுக்குத் தெரியாத ஊடகம், அதில் சுழலும் கலங்கள், அவற்றுக்கிடையே இப்படி உருளும் துணிக்கைகள் என்று, மின்னையும் காந்தத்தையும் விளக்க, 1861இல் மக்ஸ்வெல் கற்பனை செய்தாராம். மாறும் மின்புலமும் மின்னோட்டம்போல் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்ற ‘இடப்பெயர்ச்சி மின்னோட்டம்’ பிறந்தது அந்தப் படத்திலிருந்துதான். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் தேடியும் ஈதர் அகப்படவில்லை. படம் போய்விட்டது, மக்ஸ்வெலின் சமன்பாடுகள் நின்றுவிட்டன. 1905இல் சார்புக் கொள்கையை எழுதிய ஐன்ஸ்டைனுக்கு அவற்றில் கைவைக்கவே தேவைப்படவில்லை.

“பிழையான படத்திலிருந்து சரியான சமன்பாடு எப்படி சேர் வந்தது?” என்று ஒரு பெடியன் கேட்டான். பாடத்திட்டத்தை வைத்துவிட்டு அரைமணி நேரம் அதிலேயே நின்றார். இப்படி ஒரு ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது.

குறையும் உண்டு. மழை பலத்தால் பின்வாங்குக்கு ஒன்றும் கேட்காது. போட்டோக்கொப்பி மங்கல், கலங்களின் படம் வெறும் கறுப்புத் திட்டு. காசு வாங்குகிறவர்கள் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த கிழமை ஜெர்மன் பௌதிகவியலாளர் வேபரைப் பற்றியாம். நானும் போவேன்.