லோக்கல் டிரெயினுக்கு ஏற்ற பிரஷர் மாத்திரை எது?

பிரஷர் மாத்திரையில் எது நல்லது என்று மெடிக்கலில் வந்து கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன வேலை? உட்கார்ந்தா, நின்னா?" மும்பையில் தாராவி, சயான் பக்கம் பல வருஷமாக மருந்துக் கவுண்டரில் நிற்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களில், பிரஷர் குறையவில்லை என்று நிறுத்தியவர் அபூர்வம். கால் வீங்கியது, இருமல் நிற்கவில்லை, டிரெயினில் அடக்க முடியவில்லை என்று வேறு ஏதாவது காரணம் இருக்கும். அதை டாக்டரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

குறைக்கும் திறனைப் பார்த்தால் மாத்திரைகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. 354 சோதனைகளைத் தொகுத்து 2003-ல் வந்த ஓர் ஆய்வில், ஐந்து வகை மாத்திரைகளும் வழக்கமான டோசில் மேல் அளவை ஏறக்குறைய 9 புள்ளிதான் குறைத்தன. டோசைப் பாதியாக்கினால் பலன் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறைந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரின் தேர்வுக்கு வேறு காரணங்கள் இருக்கும். மற்றவர்களுக்கு, எந்த மாத்திரை அன்றாடப் பிழைப்பில் கைவைக்காமல் இருக்கிறது என்பதே கேள்வி.

அம்லோடிபின் 10-ஆ, 5-உடன் டெல்மிசார்டனா?

என் கவுண்டரில் அதிகம் போவது அம்லோடிபின். ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு கட்டிங் சாயா காசுகூட ஆகாது. ஒரு நாள் மறந்துபோனாலும் பிரஷர் உடனே எகிறாது. உடம்பில் அந்த மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். கெட்ட பெயர் வாங்கிக்கொடுப்பது கணுக்கால் வீக்கம். 5 மில்லிகிராமில் சிலருக்கு வரும், 10-ல் பலருக்கு வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர் அதைக் கவனிக்காமலே இருந்துவிடலாம். விடியுமுன் எழுந்து இட்லிக் கொப்பரை முன்னால் நிற்கிற பெண்கள் அப்படி இருக்க முடியாது. "தம்பி, கொலுசு ஏற மாட்டேங்கு. கிட்னி போயிட்டுன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாவ" என்று ஒரு அக்கா சேலையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினார். விரலால் அமுக்கினால் குழி விழுந்து, நிரம்ப நேரமெடுத்தது. கொலுசு கிடந்த இடத்தில் கறுத்த வளையமாக ஒரு தடம்.

சிறுநீரகத்தையும் இதயத்தையும் டாக்டர் ஒருமுறை பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் இந்த மாத்திரை போடுபவருக்கு வருகிற வீக்கத்துக்கு வேறு கணக்கு. ரத்தத்தைக் கொண்டுவருகிற சிறு குழாய்களை அம்லோடிபின் நன்றாக விரிக்கிறது. திருப்பி எடுத்துப்போகிற குழாய்களை அந்த அளவு விரிப்பதில்லை. நடுவில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லையென்பதால் யூரின் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. டாக்டர் சீட்டில் அம்லோ 10, அதற்கு அடுத்த வரியிலேயே ஃப்ரூசமைடு என்ற யூரின் மாத்திரை என்று பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். டெல்மிசார்டன் என்கிற இன்னொரு வகை பிரஷர் மாத்திரை அந்தத் திரும்பும் குழாய்களையும் சற்று விரிப்பதால் வீக்கம் குறைய வாய்ப்பு உண்டு. டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்து ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது. நின்று பிழைப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். டாக்டரிடம் வீக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ராமிப்ரிலா, டெல்மிசார்டனா?

ராமிப்ரில், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரையில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும். சிலருக்கு மாத்திரை ஆரம்பித்துப் பல வாரம் கழித்து வருவதால் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றாது. தனி வீட்டில் இருப்பவருக்கு இது தூக்கம் கெடுக்கிற தொந்தரவு. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடம்) ராத்திரியெல்லாம் ஒருவர் இருமினால், டி.பி. என்று பேச்சு கிளம்பிவிடும். டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள். இருமல் சிரப்பாக மாற்றி மாற்றி வாங்குகிறவர்களிடம் பிரஷர் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வது என் வழக்கமாகிவிட்டது. டெல்மிசார்டன், லோசார்டன் வகைக்கு மாறினால் பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் அடங்கும். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால், மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் சளியையும் பரிசோதித்துவிட வேண்டும். இந்த ஊரில் அந்த அலட்சியம் ஆகாது.

இருமல் வராதவர்கள் ராமிப்ரிலை மாற்ற வேண்டியதில்லை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பிள்ளைக்கு முயல்பவர்களுக்கும் இரண்டு வகையுமே ஆகாது. முட்டி வலிக்கு என்று டைக்ளோஃபெனாக்கைத் தினமும் விழுங்குவதும் இவற்றோடு ஒத்துப்போகாது. பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் அடி வாங்கும்.

யூரின் மாத்திரை: காலையிலா, ராத்திரியா?

மும்பைக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ஹைட்ரோகுளோரோதையசைடு என்கிற யூரின் மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும், நாலாவது மணி வாக்கில் உச்சம். காலை ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டு கல்யாணில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி.க்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். லோக்கலில் கழிப்பறை கிடையாது. தானே தாண்டியதும் கூட்டத்தில் கையைக்கூட அசைக்க முடியாது. இதற்குப் பயந்து காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறவர்கள் உண்டு, பெண்கள் முக்கியமாக. மே மாத வெயிலில் யூரின் மாத்திரையும் போட்டுத் தண்ணீரும் குடிக்காமல் போனால் பிளாட்பாரத்திலேயே கண் இருட்டும்.

அப்படியானால் ராத்திரி போடலாமே? 21,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு, பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. நேரத்தை நம் வசதிக்குப் பார்க்கலாம் என்றாகிறது. ஆனால் கழிப்பறை வீட்டுக்குள் இருந்தால்தான் ராத்திரி வசதி. பொதுக் கழிப்பறைக்குச் சந்து தாண்டிப் போக வேண்டிய இடத்தில், இரண்டு மணிக்கு ஒரு பெண் எழுந்து யாரைத் துணைக்குக் கூப்பிடுவாள்? மாடிப்படி இருட்டில் வயதானவர் இறங்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதைச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை: ஆபீஸோ கடையோ போய்ச் சேர்ந்தபின் போட்டுக்கொள்வது. ஒரு ஸ்ட்ரிப்பை டப்பா பையிலேயே வைத்துவிடுங்கள். புதிதாக ஆரம்பிப்பதை லீவு நாளாகப் பார்த்து ஆரம்பித்தால் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியும். முதல் சில வாரத்துக்குப் பிறகு அடிக்கடி போவது பெரும்பாலும் தணியும். சோடியம், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. யூரிக் ஆசிட் தொல்லை இருப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த மாத்திரையை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். லேசான பிரஷர் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 1993-ல் வெளிவந்த சோதனையில், வாழ்க்கைத் தரம் அதிகம் மேம்பட்ட குழுக்களில் ஒன்று இந்த வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன் போட்ட குழு. கழிப்பறை பக்கத்தில் இருந்திருக்கும்!

பீட்டா பிளாக்கரும் படுக்கையறையும்

இதயத் துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர் வகையான அட்டெனலால், மெட்டோப்ரலால் பற்றி வருகிற புகார்கள் உடம்பு அசதி, கை கால் சில்லிடுவது, ரயில்வே பாலப் படியேற முடியாமல் மூச்சு வாங்குவது. இதயக் கோளாறு ஏதும் இல்லாமல் பிரஷர் மட்டும் இருப்பவருக்கு இதை முதல் மாத்திரையாகக் கொடுப்பது இப்போது வழக்கமில்லை. போடுபவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடும்.

கவுண்டரில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வருகிற ஆண்கள் கேட்பது இன்னொரு விஷயம். "அண்ணே, இதுனாலதான் அந்தப் பிரச்சனையா?" பழைய பீட்டா பிளாக்கருக்கும் யூரின் மாத்திரைக்கும் அந்தப் பெயர் உண்டு, டெல்மிசார்டன் வகைக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆனால் 2003-ல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு சுவாரசியமானது. அட்டெனலால் போடுகிறோம் என்பதே தெரியாதவர்களில் 3.1 சதவீதம் பேருக்குத்தான் விறைப்புத் தளர்ச்சி வந்தது. மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 15.6. இந்தப் பக்கவிளைவும் வரலாம் என்று சொல்லப்பட்டவர்களில் 31.2. இதைப் படித்தபின் எனக்கே பேசத் தயக்கம் வந்துவிட்டது. வெட்கப்பட்டு மாத்திரையைக் குப்பையில் போடுவதைவிட டாக்டரிடம் வாய்விட்டு மாற்றிக் கேட்பது மேல். பிரஷரே அந்தக் குழாய்களையும் கெடுக்கும் என்பதால், நிறுத்துவது எதிர்விளைவாகவும் முடியலாம்.

குறைசோடிய உப்பா, ஊறுகாயை விடுவதா?

2021-ல் வெளியான சீன ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்த கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சமைக்கும் ருசியும் பெரிதாக மாறாது. ஆனால் டெல்மிசார்டன், ராமிப்ரில் போடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பை வாங்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்களுக்கு அப்பளம், மோர் மிளகாய், கருவாடு மூன்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது எளிது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற ஒரு நாள் கணக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு, ஒரு டீஸ்பூன் அளவு. உப்பில்லாத சாம்பார் வைத்து வீட்டில் எல்லோரையும் பகைத்துக்கொள்வதால் பலன் இல்லை, நாலு நாளில் பழையபடி ஆகிவிடும்.

வீட்டு மெஷின்

மேல்கையில் கட்டுகிற மெஷின், மணிக்கட்டில் கட்டுவதைவிட நம்பகமானது. கைப்பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மெஷினை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

வாங்கியபின் வருகிற வியாதிதான் பெரிது. கனடாவில் உருக்காலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, பிரஷர் இருக்கிறது என்று புதிதாகச் சொல்லப்பட்டவர்களைக் கவனித்தார்கள். உடல்நலக் காரணத்தால் அவர்கள் லீவு எடுப்பது 80 சதவீதம் கூடியது என்று 1978-ல் எழுதினார்கள். மாத்திரை போட்டார்களா இல்லையா என்பதால் அது மாறவில்லை. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, 142 வந்தது, பிறகு 151 வந்தது என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போன் செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தொழிலாளர்கள் நினைவுக்கு வருவார்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய வாரம் மட்டும், சாயா குடிக்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால், மெஷினை அடுத்த முறை வரை பரணில் தூக்கி வைத்துவிடலாம்.