ஸ்காபரோவில் ஒரு குடிவரவு வழக்கறிஞர்: ஐந்துக்கு நான்கு

கணவரைக் கனடாவுக்குக் கூப்பிட முதலில் போன முகவர், "பொலிஸ் ரிப்போர்ட் போதும்" என்று காசை வாங்கிப்போட்டார். கணவர் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறையில் இருந்தவர் என்று நான் சொன்னது காதில் ஏறவேயில்லை.

இந்த வழக்கறிஞர் அப்படியில்லை. கொழும்புத் தீர்ப்பை மஞ்சள் பேனாவால் கோடிழுத்து வரிவரியாக வாசித்தார். சாதாரணக் குற்றமென்றால் கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 36ஆம் பிரிவு. தண்டனை முடிந்து 5 வருடம் போனால் மறுவாழ்வுக்கு, அதாவது பழைய குற்றம் இனித் தடையில்லை என்று ஏற்கச்சொல்லி, விண்ணப்பிக்கலாம். அரசுக்கு எதிரான விஷயமென்று 34ஆம் பிரிவில் விழுந்தால் அந்த வழி இல்லை, 42.1இன் கீழ் அமைச்சரிடம்தான் நிவாரணம் கேட்கவேணும் என்றார். "மறைச்சுப்போடாதேங்கோ, பொய்க்குத் தனியாக 5 வருடத் தடை."

கட்டணம் கொஞ்சம் கூட. அப்புறம், பார்க்கிங் படுமோசம்.